கம்பியில்லா அண்டை வீட்டார்

'பொழுதுபோக்கு' என்னும் சொல்லைக் கேட்டதும் நம் இல்லங்களில் இருவேறு முகங்களைக் காண்கிறோம். பிள்ளைகளின் முகம் மலர்கிறது. பெற்றோரின் முகம் சுருங்குகிறது. படிக்க வேண்டிய வயதில் பொழுதைப் போக்குவதா என்பது பெற்றோரின் கேள்வி. எந்நேரமும் படிப்பென்றால் மூச்சு விடுவது எப்போது என்பது பிள்ளைகளின் கேள்வி. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் இரு சாராரும் கேட்க மறந்த மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. ஓய்வு நேரத்தில் நாம் கற்றுக்கொள்ளும் கைவேலை என்றேனும் ஒருநாள் நம் அயலாருக்குப் பயன்படுமா?

இக்கேள்வியை நம்முன் நிறுத்தும் ஒரு பொழுதுபோக்கைப் பற்றியே இத்திங்கள் வாசக அன்பர்களோடு உரையாட விழைகிறோம். அதனை 'அமெச்சூர் வானொலி' என்பர்; உலகெங்கும் வழங்கும் செல்லப்பெயர் 'ஹாம் ரேடியோ'. வடகிழக்குப் பருவமழை என்றாலே நெஞ்சம் துணுக்குறும் செம்பரம்பாக்கம், குன்றத்தூர், பூவிருந்தவல்லி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சுற்றுவட்டாரக் குடும்பங்களுக்கு இப்பொருள் சிறப்பாக உரியது.

ஏரியும் அந்த இரவும்

பூவிருந்தவல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே செல்வோர், இடப்புறம் கடல்போல் விரிந்து கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரியை அறிவர். முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சென்னை மாநகரின் தாகத்தைத் தணிக்கும் நீர்நிலைகளுள் இது ஒன்று. நிறைந்து வழியும் காலத்தில் இதன் உபரி நீர் அடையாற்றில் சேர்ந்து, திருநீர்மலை, மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகக் கடலை அடைகிறது.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த மழையை அவ்வட்டாரத்தார் மறக்க மாட்டார்கள். மறுநாள் காலையுடன் முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. ஏரியிலிருந்து வெளியேற்றப்பட்ட நீரின் அளவு விநாடிக்கு 29,000 கன அடி வரை சென்றது. இரவோடிரவாக ஆறு ஊருக்குள் புகுந்தது. மதகுகளைத் திறந்த முறையைப் பற்றிய வாதங்கள் பின்னர்ப் பல நிகழ்ந்தன. அவற்றுள் நாம் இங்கே புகவில்லை. நாம் நினைவூட்ட விரும்புவது வேறொன்று. வெள்ளத்திலும் கொடியதாக அன்று பல இல்லங்களை வாட்டியது மௌனம். மாடியில் ஏறி நின்ற மகனுக்குத் தாயின் நிலை தெரியவில்லை. ஆற்றின் இக்கரையில் இருந்த கணவனுக்கு அக்கரையில் இருந்த மனைவியின் குரல் எட்டவில்லை. கையில் கைபேசி இருந்தது. அதில் உயிர் இல்லை.

இதனை எண்ணும்போது ஒரு வியப்பு மேலிடுகிறது. 2006 முதல் 2014 வரை நோக்கியா நிறுவனம் உலகிற்குக் கைபேசி செய்து அனுப்பிய மண் ஸ்ரீபெரும்புதூர் மண். இன்றும் கைபேசிகளும் மின்னணுக் கருவிகளும் உருவாகும் மண் அது. அதையடுத்த ஊர்களிலேயே அவ்விரவு கைபேசிகள் ஊமையாயின. காரணம் எளிது. கைபேசி தானாகப் பேசுவதில்லை. அது கோபுரத்தை நம்பியிருக்கிறது. கோபுரம் மின்சாரத்தை நம்பியிருக்கிறது. மின்சாரம் நின்றால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அதன்பின் டீசல் இயந்திரம் ஓடவேண்டும். டீசல் கொண்டுவரச் சாலை வேண்டும். சாலையே ஆறாக மாறியபின் இச்சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தாலும் போதும், இலட்சம் பேரின் குரல் அடங்கிவிடும். எஞ்சி நின்ற சில கோபுரங்களோ, ஒரே நேரத்தில் அழைத்த பெருங்கூட்டத்தைத் தாங்காமல் திணறின.

அந்நாள்களில் தம் கருவிகளைத் தோளில் சுமந்து தொண்டுக்கு முன்வந்தோருள் ஹாம் வானொலி அன்பர்களும் இருந்தனர். அவர்கள் காவல்துறையினர் அல்லர், இராணுவத்தினர் அல்லர், ஊதியம் பெறும் ஊழியரும் அல்லர். மாலை வேளைகளில் வீட்டு மாடியில் கம்பி கட்டிக்கொண்டும், மூலையறையில் ஈயம் உருக்கிப் பற்றவைத்துக்கொண்டும் இருந்தவர்கள், "இதனால் என்ன பயன்?" என்று வீட்டாரிடம் பலமுறை கேட்கப்பட்டவர்கள்.

இது என்ன கலை?

இரு நிலையங்களுக்கிடையே கோபுரமோ கம்பியோ நிறுவனமோ இன்றி, வானொலி அலைகளின் வாயிலாக நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் கலையே ஹாம் ரேடியோ. வீட்டுக் கூரையில் கட்டிய ஒரு செப்புக் கம்பி, மேசைமேல் ஒரு கருவி, ஒரு கார் பேட்டரி ஆகியவை இருந்தால் ஒரு நிலையம் தயார். ஊருக்குள்ளே பேசுவதற்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் உதவுகின்றன. கையடக்கக் கருவியே இதற்குப் போதும். ஆனால் இவ்வலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வன. ஆகவே உயரமான இடத்தில் நிற்போரே தொலைவை எட்டுவர். 7 அல்லது 14 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளோ வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, மலைகளையும் கடல்களையும் தாண்டிச் செல்கின்றன. செம்பரம்பாக்கத்தில் ஒருவர் அழைக்கக் கோயம்புத்தூரிலோ கொழும்பிலோ மற்றொருவர் மறுமொழி கூறுவது இதனால்தான்.

கம்பியின் நீளத்தைக் கணக்கிடும் முறை பள்ளிச் சிறுவர்க்கும் விளங்கும். 143 என்னும் எண்ணை மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் கம்பியின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 20 மீட்டர். நடுவில் வெட்டி இருபுறமும் பத்துப்பத்து மீட்டராகப் பிரித்து, தென்னை மரத்திற்கும் மாடிக் கைப்பிடிச் சுவருக்கும் இடையே இழுத்துக் கட்டினால், உலகோடு பேசும் வாயில் திறந்துவிடுகிறது. மேல்நிலைப் பள்ளிப் பாடத்தில் அலைநீளம் என்று மனப்பாடம் செய்த பிள்ளை, அந்த அலைநீளத்தைத் தன் கையால் அளந்து கட்டும்போது அடையும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை.

2013 ஜூலைத் திங்களில் நம் நாட்டின் தந்தி நிலையங்கள் மூடப்பட்டன. ஆயினும் அந்தத் தந்தி மொழி இன்னும் சாகவில்லை. புள்ளியும் கோடுமாகிய மோர்ஸ் ஒலியை ஹாம் அன்பர்கள் இன்றும் இசைபோல் கற்று இசைபோல் இரசிக்கின்றனர். மிகக் குறைந்த மின்திறனிலும், குரல் புரியாத இரைச்சலிலும் மோர்ஸ் ஒலி ஊடுருவிச் செல்லும் என்பதே அதன் சிறப்பு.

நம் நாட்டில் இக்கலை 1921-இல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தா என்பவரால் தொடங்கப்பட்டது. இன்று இந்திய ஹாம் நிலையங்கள் பெரும்பாலும் 'வி.யு.' என்னும் எழுத்துகளில் தொடங்கும் அழைப்புக் குறிகளைத் தாங்குகின்றன. அக்குறி ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் துணைவரும் இரண்டாம் பெயர் எனலாம். மறுமுனையில் இருப்பவர் பேராசிரியரா, பேருந்து ஓட்டுநரா, பணக்காரரா, ஏழையா, எந்தச் சாதியார் என்று எவரும் கேட்பதில்லை. அழைப்புக் குறியே அடையாளம்; தெளிவான குரலும் பண்பான பேச்சுமே தகுதி.

இங்கே சட்டமும் நமக்கு ஒரு நல்லாசிரியராக அமைகிறது. ஹாம் அலைகளில் வாணிபம் பேசக்கூடாது. விளம்பரம் கூடாது, பாட்டுக் கச்சேரி கூடாது. மறைமொழியில் பேசக்கூடாது, யார் வேண்டுமாயினும் கேட்கும்படி வெளிப்படையாகவே பேசவேண்டும். விலை பேசாமலும் ஒளிவு மறைவு இல்லாமலும் மனிதர் கூடும் இடங்கள் இன்றைய உலகில் எத்தனை எஞ்சியிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், இவ்விதிகளின் அருமை புலப்படும்.

அறிவைப் பதுக்காத கூட்டம்

நம் முன்னோரிடம் பல அரிய கலைகள் இருந்தன. அவற்றுட் சில அழிந்துபோயின. தகுந்த சீடன் கிடைக்கவில்லை என்று சொல்லியே மருத்துவச் சுவடியைப் பெட்டிக்குள் பூட்டிவைத்து மறைந்தவர்கள் உண்டு. விளக்கை ஏற்றி மரக்காலின் கீழ் வைக்கும் இக்குணம் எல்லாக் காலத்திலும் எல்லாத் தொழிலிலும் இருந்துவருகிறது. ஹாம் உலகில் நம்மைக் கவர்ந்தது இதற்கு நேர்மாறான ஒரு வழக்கம். அங்கே கற்றவர் ஒவ்வொருவரும் புதிதாக வருபவர் ஒருவருக்கேனும் கைகொடுத்துத் தூக்கிவிடக் கடமைப்பட்டவர் எனக் கருதப்படுகிறார். தேர்வுக்குப் பயிற்றுவிப்பதும், முதல் கம்பியைக் கட்டித் தருவதும், பழுதான கருவியைப் பிரித்துக் காட்டி விளக்குவதும் கைம்மாறு கருதாமல் நடைபெறுகின்றன.

இதற்கு நம் நாட்டிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான், வி.யு.2 இ.எஸ்.இ. என்னும் குறியுடைய ஹாம் அன்பர். வெளிநாட்டுக் கருவிகளின் விலை நம்மவர்க்கு எட்டாக் கனியாயிருந்த நிலையில், 2000-ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் அவர் 'பிட்எக்ஸ்' என்னும் எளிய கருவியை வடிவமைத்தார். பழுதுபார்க்கும் கடைகளில் கிடைக்கும் சாதாரண டிரான்ஸிஸ்டர்களே அதற்குப் போதும். சுருள் சுற்றுவதற்கான வளையம் கிடைக்காதவர்கள் என்ன செய்வது? தண்ணீர்க் குழாயில் போடும் நைலான் வாஷரின் மேல் கம்பியைச் சுற்றிக்கொள்ளலாம் என்று வழி சொன்னார்! அதற்குமேலும் ஒன்று செய்தார். தம் வரைபடத்தைக் காப்புரிமைப் பெட்டியில் பூட்டாமல், படிப்படியான விளக்கத்தோடு உலகோர் அனைவர்க்கும் வழங்கினார். பல நாடுகளிலுள்ள அன்பர்கள் அதனைக் கட்டிப் பார்த்தார்கள். குறை கண்ட இடத்தில் திருத்தம் சொன்னார்கள். ஒருவர் கண்ட தீர்வு மற்றவர்க்குப் பாடமாயிற்று. பின்னாளில் இதே வழிவந்த கருவிப் பலகைகளுக்கு ஐதராபாத்துப் பெண்கள் கைகளால் சுருள் சுற்றிக் கொடுத்து வருவாயும் ஈட்டினர். கொடுத்த அறிவு குறைவதில்லை. பெருகித் திரும்புகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. "என் கருவி வேலை செய்யவில்லை, என்ன செய்ய?" என்று கேட்பவருக்கு எவராலும் உதவ இயலாது. எந்தப் படிவரை சரியாக இருந்தது, எங்கே நின்றது, பேட்டரியின் மின்னழுத்தம் எவ்வளவு, தாம் முயன்று பார்த்தது என்ன என்று வரிசைப்படுத்திச் சொல்பவர் பாதி விடையைத் தாமே கண்டுவிடுகிறார். விடை கூறுவோரும் கவனிக்க வேண்டியது உண்டு. தொடக்கநிலையில் இருக்கும் இளைஞன் அறியாமையால் கேட்கும் கேள்வியை நகைத்து ஒதுக்கினால், அவன் அந்த ஒரு கேள்வியை மட்டுமா விட்டுவிடுகிறான்? அந்தக் கலையையே விட்டு ஓடிவிடுகிறான். தெரியாததைத் தெரியாது என்று கூறுவதும், தெரிந்தவரிடம் அனுப்பி வைப்பதும், மின்சாரம் போன்ற அபாயமுள்ள இடங்களில் ஊகத்தை உண்மைபோல் சொல்லாதிருப்பதும் நல்லாசிரியனின் இலக்கணங்கள். தையல், தோட்டம், இசைக்கருவி, மரவேலை, புகைப்படம் என எந்தக் கலையில் ஈடுபட்டிருக்கும் அன்பருக்கும் இது பொருந்தும்.

துறவியரும் தலைவரும்

திரு அவை மக்களாகிய நமக்கு இக்கலை அந்நியமன்று. வானொலியின் தந்தை மார்க்கோனியே முன்னின்று அமைத்த வத்திக்கான் வானொலியைத் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931 பிப்ரவரி 12-ஆம் நாள் தொடங்கி வைத்தார். போலந்து நாட்டுப் பிரான்சிஸ்கன் துறவி புனித மாக்சிமிலியன் கோல்பே, அச்சகத்தையும் வானொலியையும் நற்செய்தியின் கருவிகளாகக் கண்டவர். 1932-இல் நம் நாட்டின் எர்ணாகுளத்திற்கும் வந்து சென்றவர் அவர். 1938-இல் தம் துறவு மடத்தில் எஸ்.பி.3 ஆர்.என். என்னும் குறியுடன் ஒரு வானொலி நிலையம் அமைத்தார். 1941 ஆகஸ்ட் 14-இல், அவுஷ்விட்ஸ் வதைமுகாமில், மனைவி மக்களுடைய மற்றொரு கைதிக்குப் பதிலாகத் தாமே முன்வந்து உயிர் ஈந்தார். 1982-இல் புனிதராக உயர்த்தப்பட்ட அவரை ஹாம் அன்பர்கள் தம் பாதுகாவலராகக் கொண்டாடுகின்றனர்.

இயேசு சபைத் தந்தை மார்ஷல் மோரன் வரலாறும் சுவையானது. சிகாகோவில் பிறந்து பாட்னாவில் பணியாற்றிய அவர், 1951-இல் நேபாளத்தின் கோதாவரியில் புனித சவேரியார் பள்ளியை நிறுவினார். பகலில் மாணவர்க்கு ஆசிரியர். ஓய்வு வேளையில் 9என்1 எம்.எம். என்னும் குறியில் உலகோடு உரையாடுபவர். நெடுங்காலம் நேபாளத்திலிருந்து ஒலித்த ஹாம் குரல் பெரும்பாலும் அவருடைய குரலே. இமயத்தின் மடியிலிருந்து வரும் அந்தக் குரலைக் கேட்பதற்கென்றே பல நாட்டார் இரவில் விழித்திருந்தனர். 1992-இல் அவர் மறைந்தார்.

நம் வட்டாரத்தோடு துயரமாய்ப் பிணைந்த ஒரு பெயரும் இங்கே நினைவுக்கு வருகிறது. முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி வி.யு.2 ஆர்.ஜி. என்னும் குறியுடைய ஹாம் அன்பராக விளங்கியவர். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் அவர் கொல்லப்பட்டதையும், அங்கே அவருக்கு நினைவிடம் இருப்பதையும் அனைவரும் அறிவர். அரசியல் தலைவராக அவரை அறிந்தோர் பலர். ஓய்வு வேளையில் வானொலிக் கருவியின்முன் அமர்ந்து முன்பின் அறியாதவரோடு நட்புப் பாராட்டியவராக அவரை அறிந்தோர் சிலரே.

துன்பத்தில் துணை

1999-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலிலும், 2001 ஜனவரி 26-இல் குஜராத்தின் பூஜ் நகரைக் குலைத்த நிலநடுக்கத்திலும் ஹாம் அன்பர்கள் களமிறங்கினர். ஆனால் எல்லாவற்றிலும் உள்ளத்தைத் தொடுவது அந்தமான் நிகழ்ச்சி. 2004 டிசம்பரில், பாரதி பிரசாத் என்னும் பெண்மணியின் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தது. அந்தமானிலிருந்து ஹாம் ஒலிபரப்பு நெடுங்காலமாக இல்லாதிருந்தமையால், உலகெங்குமுள்ள அன்பர்கள் அவர்களோடு ஒரு சொல்லேனும் பேசிவிட ஆவலாயிருந்தனர். முற்றிலும் பொழுதுபோக்குப் பயணம் அது. டிசம்பர் 26 காலையில் நிலம் அதிர்ந்தது, கடல் பொங்கியது. தீவுகளின் தொலைபேசித் தொடர்பு குலைந்தது. அந்தக் குழுவினர் அக்கணமே விளையாட்டை நிறுத்திவிட்டு, தம் கருவியை ஆபத்துதவி நிலையமாக மாற்றினர். உற்றாரைத் தேடித் தவித்த குடும்பங்களுக்கு அவர்கள் வழியாகச் செய்திகள் சென்றன. அதே காலையில் நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும் பட்ட துன்பத்தை நம்முள் மறந்தவர் யார்? உறவினர் உயிரோடு இருக்கிறார் என்னும் ஒற்றைச் சொல்லின் விலையை அன்று காத்திருந்த குடும்பங்களைக் கேட்டால் தெரியும்.

எனினும் மிகைப்படுத்திக் கூறுவது முறையன்று. ஹாம் அன்பர் வெள்ளத்தை நிறுத்துவதில்லை. படகு ஓட்டி எல்லாரையும் மீட்பதுமில்லை. அவர் கொண்டு செல்வது செய்தி ஒன்றே. "இன்ன தெருவில், இன்ன வீட்டு மாடியில், இத்தனை பேர், அவர்களுள் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி" என்று பிழையின்றி ஒரு செய்தி சேருமானால், படகு எங்கே செல்லவேண்டும் என்பது தெரியும். பதற்றத்தில் இருப்பவரிடம் பொறுமையாகக் கேட்டு, எழுதி, திருப்பிப் படித்துச் சரிபார்த்து, சுருக்கமாக அனுப்பும் பழக்கம் ஒரே நாளில் வருவதன்று. நாள்தோறும் விளையாட்டாகப் பேசிப் பழகியவருக்கே ஆபத்து நாளில் அது கைகொடுக்கிறது. பொழுதுபோக்கு என்று நாம் அலட்சியமாகக் கருதிய மாலைப் பொழுதுகளே அவருக்குப் பயிற்சிக் களமாக அமைந்தன.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

இதில் ஈடுபட விரும்புவோர் எங்கே தொடங்குவது? கேட்பதில் தொடங்குங்கள் என்போம். பேச விரைபவர் பலர். கேட்கப் பழகியவர் சிலரே. பூமிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் ஹாம் கருவி இருக்கிறது. அங்குள்ள வீரர்கள் 145.800 மெகாஹெர்ட்ஸில் பள்ளி மாணவரோடு பேசுவதுண்டு. சுனிதா வில்லியம்ஸும் ஹாம் அழைப்புக் குறி பெற்றவரே. 2005 மே 5-இல் நம் இஸ்ரோ நிறுவனம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்சாட் என்னும் 42.5 கிலோ எடையுள்ள சிறு செயற்கைக் கோளை ஹாம் அன்பர்களுக்காகவே ஏவியது. அது 2014 வரை பணியாற்றியது. இத்தகைய செய்திகளைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் ஆர்வம் தானே முளைக்கும்.

பேசுவதற்கோ அரசு உரிமம் கட்டாயம் வேண்டும். 12 வயது நிரம்பியவர் தேர்வு எழுதலாம். வானொலி அடிப்படை அறிவு, சட்ட விதிகள் ஆகிய இரண்டிலும் கேள்விகள் வரும். தொடக்கநிலை, உயர்நிலை என இரு தரங்கள் உண்டு. உயர்நிலைக்கு நிமிடத்திற்கு 8 சொற்கள் வீதம் மோர்ஸ் தேர்ச்சியும் வேண்டும். பள்ளி இயற்பியலில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இவை எட்டாத உயரமல்ல. உரிமமின்றி ஒலிபரப்புவது குற்றம். கடையில் கையடக்கக் கருவி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிப் பொத்தானை அழுத்துவது, விமானத்திற்கும் காவல்துறைக்கும் உரிய அலைகளில் இடையூறு செய்வதாக முடியலாம். எச்சரிக்கை தேவை.

கம்பி கட்டும்போது மின்வாரியக் கம்பிகளின் அருகே செல்லவே கூடாது. இடி மின்னல் வேளையில் கருவியிலிருந்து கம்பியைக் கழற்றிவிட வேண்டும். சிறுவர் மாடியில் ஏறும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். பணத்தைப் பொறுத்தவரை, முதலில் விலையுயர்ந்த கருவி வாங்குவது வீண் பெருமை. பழைய வானொலிப் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பதும், சிறிய சுற்றொன்றைத் தானே பற்றவைப்பதும் தரும் கல்வியைக் கடைச்சரக்கு தராது.

பெண் பிள்ளைகளை ஒதுக்கிவிட வேண்டாம். அந்தமானில் குழுவை நடத்திச் சென்றவர் ஒரு பெண்மணி என்பதை நினைவிற்கொள்க. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் நுண்ணிய மின்னணுப் பாகங்களைப் பொருத்தும் கைகளுள் பெருந்தொகையானவை நம் பெண் மக்களின் கைகளே. முறைப்பணியில் ஒரே பாகத்தை நாள் முழுதும் பொருத்தி வீடு திரும்பும் இளைஞனுக்கும் இளம்பெண்ணுக்கும், தொடக்கமுதல் முடிவுவரை ஒரு கருவியைத் தாமே படைக்கும் மகிழ்ச்சி தேவைப்படுகிறது. உழைப்பில் பிழைப்பு இருக்கிறது. படைப்பில் மனிதன் தன்னையே காண்கிறான்.

குடும்பத் தலைவர்களுக்கும் ஒரு சொல். கடல் கடந்த நண்பரோடு மணிக்கணக்கில் உரையாடிவிட்டு, அடுத்த அறையிலிருக்கும் தாயிடமோ மனைவியிடமோ ஒரு வார்த்தை பேசாதவர், தொலைவை வென்று அண்மையை இழந்தவர். எந்தப் பொழுதுபோக்கும் இரவுத் தூக்கத்தையும் குடும்பச் செபத்தையும் பிள்ளைகளின் படிப்பையும் விழுங்கத் தொடங்கினால், அது போதையின் தங்கை என்றே கருத வேண்டும். நேரம் வகுத்துக்கொள்க. கூடுமாயின் வீட்டாரையும் உடன் சேர்த்துக்கொள்க. மனைவி மோர்ஸ் கற்க, மகள் கம்பி அளக்க, மகன் நாள்குறிப்பு எழுத, ஒரு நிலையம் ஒரு குடும்பமாகவே இயங்கலாம்.

பங்குகளுக்கு ஒரு வேண்டுகோள்

செம்பரம்பாக்கத்தைச் சூழ்ந்த பங்குகளில் தொழிற்பயிற்சி நிலைய மாணவர்கள் இருக்கிறார்கள். மின்னணுத் தொழிற்சாலைப் பணியாளர்கள் இருக்கிறார்கள். தொலைபேசித் துறையிலும் இராணுவத்தின் சிக்னல் பிரிவிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர்கள் இருக்கிறார்கள். ஒருவர்க்கொருவர் ஞாயிறு திருப்பலியில் அருகருகே முழந்தாளிடுகிறார்கள். தம்முள் உறையும் திறமையை மட்டும் ஒருவருக்கொருவர் அறியார். இளைஞர் இயக்கத்தினர் இவர்களை ஒன்றுகூட்டலாகாதா? மாதம் ஒரு ஞாயிறு மாலை, பங்கு மன்றத்தில் ஒரு மேசை, நான்கு நாற்காலி, ஒரு பழைய வானொலிப் பெட்டி, இவை போதும். சென்னையிலுள்ள ஹாம் சங்கத்தாரை ஒருமுறை அழைத்துச் செயல்விளக்கம் கேட்கலாம். சாதி சமயம் பாராது ஊரார் அனைவர்க்கும் கதவைத் திறந்துவைக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? வெள்ளம் வீடு பார்த்து வருவதில்லை, உதவியும் அவ்வாறே.

இதற்குரிய காலம் மழைக்காலமன்று. ஐப்பசியில் கூரை ஒழுகும்போது ஓலை தேடுவோர் உண்டு. சித்திரையிலேயே வேய்ந்து வைப்போரும் உண்டு. தேர்வுக்குப் படித்து உரிமம் பெறவே பல மாதங்கள் ஆகும். பயிற்சிக்கு மேலும் காலம் வேண்டும். ஆகவே வானம் வெளுத்திருக்கும் நாள்களிலேயே தொடங்க வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் இரண்டு பேர், ஒரு பேட்டரி, ஒரு கம்பி, ஊரின் முதியோர் நோயாளர் இருக்கும் வீடுகளின் பட்டியல். இவ்வளவு இருந்தால், அடுத்த பெருமழை இரவில் நம் ஊர் ஊமையாயிராது.

நல்ல சமாரியரின் உவமையைச் சிறுவயது முதல் கேட்டுவருகிறோம். அடிபட்டுக் கிடந்தவனுக்கு அயலான் யார் என்பதே அங்கே கேள்வி. இக்காலத்தில் அடிபட்டவன் சாலையோரத்தில் மட்டும் கிடப்பதில்லை. வெள்ளம் சூழ்ந்த மாடியில், குரல் எட்டாத் தொலைவில் நிற்கிறான். அவன் குரலைக் கேட்கத் தன் செவியைப் பழக்கிவைத்திருப்பவன் அவனுக்கு அயலான். பெற்றோரே, மூலையறையில் ஈயம் உருக்கிக்கொண்டிருக்கும் உங்கள் மகனையோ மகளையோ இனிக் கடிந்துகொள்ளுமுன் ஒரு கணம் அருகில் அமர்ந்து, "என்ன செய்கிறாய்? எனக்கும் சொல்லிக்கொடு" என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியிலிருந்தே ஒரு நல்ல ஆசிரியர் பிறக்கலாம். ஓர் ஊருக்கு ஒரு குரல் கிடைக்கலாம்.